சித்தூர் நாகையாவின் குரலும் கொடையும்

நோன்புப் பெருநாள் வந்தால் தமிழ் வானொலிகளில் தவறாமல் கேட்கும் பாட்டு ஒன்று உண்டு. 1961-ஆம் வருஷம் மார்ச் மாதம் வெளிவந்த ‘பாவ மன்னிப்பு’ என்னும் படத்துக்காகக் கவிஞர் கண்ணதாசன் எழுதியது. மெட்டமைத்தவர்கள் விசுவநாதனும் ராமமூர்த்தியும். அதில் இரண்டு ஆண் குரல்கள் வரும். ஒன்று டி. எம். சௌந்தரராஜனுடையது, மற்றது நம்முடைய இசைமுரசு நாகூர் இ. எம். ஹனீபா அவர்களுடையது. சௌந்தரராஜனின் குரலுக்குத் திரையில் வாயசைத்தவர் சிவாஜி கணேசன் என்பது பலருக்கும் தெரியும். ஹனீபா அவர்களின் குரலுக்கு வாயசைத்த அந்த முஸ்லிம் பெரியவர் யார் என்று கேட்டால், தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ நம் கடைத்தெருவில் இன்று விடை சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். அவர் பெயர் சித்தூர் வி. நாகையா.

இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. இரவல் குரலுக்கு வாயசைத்த இந்த மனிதர் ஒரு காலத்தில் தம் சொந்தக் குரலாலேயே தென்னாட்டு ஜனங்களைக் கட்டி வைத்திருந்தவர். அவர் பேசுவதையும் பாடுவதையும் கேட்பதற்கென்றே கொட்டகைக்குப் போனவர்கள் ஏராளம். முஸ்லிம் அல்லாத ஒரு சினிமாக்காரரின் சரிதை நமது சங்க ஏட்டில் எதற்கு என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சினிமாவைப் பற்றி நம்மிடையே இருவேறு அபிப்பிராயங்கள் உண்டு என்பது உண்மையே. அந்த வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. குரல் ஒன்றையே முதலாகப் போட்டுத் தொழில் தொடங்கி, பெரும் பொருள் ஈட்டி, ஈட்டியதையெல்லாம் பிறர் கையில் கொடுத்துவிட்டு, முதுமையில் மறுபடியும் கூலிக்கு உழைத்த ஒருவரின் வாழ்க்கை இது. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நமக்கு அதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

நாகையா 1904-ஆம் வருஷம் மார்ச் 28-ஆம் தேதி குண்டூர் ஜில்லாவைச் சேர்ந்த ரேபல்லையில் பிறந்தார். தெலுங்கு பிராமணக் குடும்பம். சிறு வயதிலேயே நாடகமும் சங்கீதமும் அவரைப் பிடித்துக்கொண்டன. சித்தூரில் ராம விலாச சபை என்ற நாடக சபையில் நடித்தார். மீசை அரும்பாத காலத்தில் பெண் வேஷமும் கட்டினார். சித்தூர் என்ற பெயர் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. கடல் கடந்து வந்த நம்மில் பலருக்குக் கடையநல்லூர் என்றும் கூத்தாநல்லூர் என்றும் பிறந்த ஊரே பெயருக்கு முன்னால் நிற்கிறது. அவருக்கோ பிழைத்த ஊர் நின்றது.

நாடகத்தால் வயிறு நிறையவில்லை. சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்தார். காந்தியடிகளின் மீது பற்றுக் கொண்டு 1930-ஆம் வருஷத்து உப்பு சத்தியாக்கிரகத்தில் சேர்ந்தார். குடும்ப வாழ்க்கையிலோ இடிமேல் இடி விழுந்தது. இளமையிலேயே மனைவியைப் பறிகொடுத்த துயரத்தில் திருவண்ணாமலைக்குச் சென்று ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பின்னாளில் திரையில் அவர் சோகமாகப் பேசும்போது எதிரில் இருப்பவர்கள் கண் கலங்கினார்கள் என்றால், அந்தச் சோகம் அவர் வெளியே போய்த் தேடிக்கொண்டு வந்ததல்ல.

கிராமபோன் தட்டுகளில் பாடி ஓரளவு பெயர் வாங்கியிருந்த அவருக்குச் சினிமா வாய்ப்பு வந்தபோது வயது முப்பத்து நான்கு. 1938-ல் எச். எம். ரெட்டி எடுத்த ‘கிருகலக்ஷ்மி’ என்ற தெலுங்குப் படம் அது. குடியின் கேட்டைச் சொல்வது. அதில் காந்தியவாதியாக வந்து, கள்ளை விடுங்கள் என்று ஏழை ஜனங்களை இரந்து கேட்கும் பாட்டு ஒன்றை நாகையா பாடினார். ஆந்திர தேசம் முழுவதும் அந்தப் பாட்டைப் பாடிற்று. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை என்ன பாடு படுத்தியது என்பதை நம் முன்னோர்கள் கண்ணால் கண்டவர்கள். சம்பள நாளன்று தொழிலாளியின் கைக்காசு அரிசிக் கடைக்கு வருமா, கள்ளுக்கடைக்குப் போகுமா என்பதுதான் அந்நாளில் தோட்டத்துப் பெண்களின் கவலை. அந்தக் கவலைக்குக் குரல் கொடுத்துக்கொண்டுதான் இவர் திரைக்குள் நுழைந்தார்.

இனி அந்தக் குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேசும் படம் வருவதற்கு முன் தென்னாட்டு நாடகமேடைகளில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கவேண்டும் என்பதற்காக நடிகர்கள் உச்ச சுருதியில் பாடினார்கள். வசனத்தையும் உரக்கச் சொன்னார்கள். படம் பேசத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மைக் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போதும் ஆயிரம் பேருக்குச் சொல்வது போலவே கத்தினார்கள். நாகையா அப்படிச் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் பேசுவதுபோல் பேசினார். தாழ்ந்த சுருதியில், அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் வெளியே விட மனமில்லாதவர்போல் பாடினார். மைக் என்பது குரலைப் பெருக்குவதற்கு மட்டுமன்று, குரலைத் தாழ்த்துவதற்கும் உரிமை கொடுக்கிறது என்று தென்னாட்டில் முதலில் உணர்ந்தவர்களில் அவர் ஒருவர் என்பது என் எண்ணம்.

1939-ல் பி. என். ரெட்டியின் வாகினி ஸ்தாபனம் ‘வந்தே மாதரம்’ எடுத்தது. நாகையாதான் கதாநாயகர், இசையமைத்தவரும் அவரே. மறு வருஷம் ‘சுமங்கலி’. அதில் அவர் ஏற்றது ஒரு கிழவர் வேஷம். விதவைகளின் மறுமணத்துக்காகப் பாடுபட்ட வீரேசலிங்கம் பந்துலுவை மனத்தில் வைத்து உண்டாக்கப்பட்ட பாத்திரம். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறுதான்! கதாநாயகராக ஓடியாட வேண்டிய வயதில் நரைத்த தலையோடு நிற்க வேறு யாரும் சம்மதித்திருக்க மாட்டார்கள். அவர் சம்மதித்தார், ஜனங்கள் நம்பினார்கள். அதற்கப்புறம் கே. வி. ரெட்டியின் ‘பக்த போத்தனா’, 1946-ல் ‘தியாகய்யா’, 1947-ல் ‘யோகி வேமனா’ என்று தெலுங்கு நாட்டு அடியார்களும் கவிஞர்களும் ஒருவர் பின் ஒருவராக அவர் முகத்தோடும் குரலோடும் எழுந்து வந்தார்கள். கொட்டகையை விட்டு வந்தவர்கள் அவரைத் தெருவில் கண்டால் கும்பிட்டு நின்றார்கள். நமக்கு இது ஏற்புடைய காரியமல்ல என்றாலும், ஒரு நடிகரின் பேச்சு கேட்பவர்களின் மனத்தில் எவ்வளவு ஆழம் சென்றது என்பதற்கு அது அடையாளம்.

இடையில் அவர் முதலாளியும் ஆனார். ரேணுகா பிலிம்ஸ் என்ற பெயரில் சொந்தக் கம்பெனி தொடங்கி, 1943-ல் ‘பாக்யலக்ஷ்மி’ எடுத்தார். அதற்குமுன் தெலுங்குப் படங்களில் நடிப்பவர்களேதான் பாடவேண்டும். நடிகை கமலா கோட்னிஸுக்காக ஆர். பாலசரஸ்வதி தேவி என்ற பாடகி மறைவிலிருந்து பாடியது இந்தப் படத்தில்தான். தெலுங்குச் சினிமாவில் பின்னணிப் பாட்டுக்கு இதையே தொடக்கமாகச் சொல்கிறார்கள். பாடத் தெரியாதவரும் நடிக்கலாம், நடிக்கத் தெரியாதவரும் பாடலாம் என்று கதவைத் திறந்துவிட்டவர், இரண்டும் தெரிந்த இந்த மனிதர். அந்தக் கதவு வழியாகத்தான் பிற்பாடு புதுக் குரல்கள் வந்தன; பாடகர்–நடிகர் என்ற பழைய இனமே மெல்ல மறைந்தது. வியாபாரத்திலும் இப்படி நடப்பதுண்டு. ஊருக்கு ஒரு புதுச் சரக்கை முதலில் இறக்குகிறவனுடைய பழைய சரக்குத்தான் முதலில் தேங்குகிறது.

தமிழ்ப் படங்களில் அவர் வந்த கதை தனி. 1941-ல் ‘அசோக்குமார்’ படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் இளவரசன் குணாளனாகவும், நாகையா அவன் தகப்பனாகிய அசோகச் சக்கரவர்த்தியாகவும் நடித்தார்கள். பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான எம். ஜி. ராமச்சந்திரன் அதே படத்தில் சிறு வேஷத்தில் இருந்தார். பாகவதரின் உச்சக் குரலும் நாகையாவின் தாழ்ந்த குரலும் அடுத்தடுத்துக் கேட்கக் கிடைப்பது அந்தப் படத்தின் விசேஷம். 1945-ல் ‘மீரா’வில் எம். எஸ். சுப்புலட்சுமிக்கு எதிராக மேவார் ராணாவாக வந்தார். 1948-ல் ஜெமினியின் ‘சக்ரதாரி’யில் குயவர் கோராவாக நடித்தார். தமிழை அவர் தெலுங்குச் சாயையோடுதான் பேசினார். வேறொருவரிடம் அது குறையாகத் தெரிந்திருக்கும். இவரிடமோ தயங்கித் தயங்கிப் பேசும் ஒரு நல்ல மனிதரின் இயல்பு என்றே ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். மொழி முழுதும் வசப்படாதவனும் உள்ளத்தால் பேசினால் கேட்பார்கள் என்பதற்கு, மலாய் பேசி வியாபாரம் செய்யக் கற்றுக்கொண்ட நம் பாட்டனார்களே சாட்சி.

தமிழில் அவருக்கு அழியாப் பெயர் வாங்கிக் கொடுத்தது ‘ஏழை படும் பாடு’. பிரெஞ்சுக்காரர் விக்டர் ஹியூகோ 1862-ல் எழுதிய பெரும் நாவலைச் சுத்தானந்த பாரதியார் அந்தப் பெயரில் தமிழில் தந்திருந்தார். கோயம்புத்தூர்ப் பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு படமாகத் தயாரிக்க, கே. ராம்நாத் டைரக்ட் செய்து, 1950-ல் வெளிவந்தது. பசித்த குழந்தைகளுக்காக ஒரு ரொட்டியைத் திருடியவன் வருஷக் கணக்கில் சிறையில் கிடக்கிறான். வெளியே வந்தவனுக்கு யாரும் இடம் கொடுப்பதில்லை. ஒரு மதகுரு மட்டும் சோறு போட்டுப் படுக்க இடம் தருகிறார். அவருடைய வெள்ளிச் சாமான்களையே திருடிக்கொண்டு ஓடியவனைப் போலீசார் பிடித்து வந்து நிறுத்தியபோது, அவை தாம் கொடுத்தவை என்று சொல்லி அவர் காப்பாற்றிவிடுகிறார். அதற்குப் பின் அவன் மனிதனாகிறான். வேறு பெயரில் தொழில் நடத்தி, ஊர்த் தலைவனாக உயர்கிறான். ஆனால் சட்டத்தைத் தவிர வேறொன்றும் அறியாத ஒரு போலீஸ் அதிகாரி அவனை விடாமல் துரத்துகிறான். அந்த அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு அன்று முதல் ஆயுள் முழுவதும் ‘ஜாவர்’ சீதாராமன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. திருடனாகவும் பெரிய மனிதனாகவும் நடித்தவர் நாகையா. முற்பகுதியில் சிறை இறுக்கிய குரலும், பிற்பகுதியில் இரக்கம் நனைத்த குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை. இதே கதையைத் தெலுங்கிலும் அவரை வைத்தே எடுத்தார்கள்.

இந்தப் படம் வந்த காலத்தில் மலாயா அவசரகாலத்தில் இருந்தது. 1948-ல் பிறந்த அவசரகாலம் 1960-ல்தான் முடிந்தது. தோட்டங்களில் காவல், ஊரடங்கு, சோதனை. நமது கேமரன் மலையில் 1929-ல் ரஸ்ஸல் துரை தொடங்கிய போ தோட்டமும் மற்றத் தேயிலைத் தோட்டங்களும் அந்தப் பன்னிரண்டு வருஷங்களையும் கடந்துதான் வந்தன. மலாயாத் தோட்டப்புறங்களில் திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவது அந்த நாட்களின் பெரிய சந்தோஷம். கங்காணி, கிராணி, தொழிலாளி, கடைக்காரர் எல்லோரும் ஒரே புல்தரையில் உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில், ரொட்டி திருடியவனின் கதையைத் தொழிலாளி ஒருவிதமாகவும் கடைக்காரர் வேறு விதமாகவும்தானே பார்த்திருக்க முடியும்! திருட்டுப் போன ரொட்டி யாரோ ஒரு கடைக்காரனுடையது. ஆனால் நாகையாவின் குரல் அந்தக் கடைக்காரனையும் அழவைத்துவிடும். மலையடிவாரத்துக்கு அப்பால் கீழ்ப் பேராவில், பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டங்களில் குடியேறிய தெலுங்கு மக்களுக்கோ அவர் சொந்தக்காரர் போன்றவர். இரண்டு மொழிக்காரர்களும் பங்கு போட்டுக்கொள்ளாமல் முழுதாகவே சொந்தம் கொண்டாடிய நடிகர்கள் வெகு சிலர்.

இனிப் பணத்தின் கதைக்கு வருகிறேன். 1940-களில் தென்னாட்டில் மிக உயர்ந்த சம்பளம் வாங்கிய நடிகர்களில் நாகையா ஒருவர். அந்தப் பணம் ஒரு வாசல் வழியாக வந்து நூறு வாசல் வழியாக வெளியேறிற்று. சென்னையில் அவர் வீட்டில் எந்த வேளையும் பந்திதான். வேலை தேடிப் பட்டணம் வந்தவர்கள், நொடித்துப்போன நாடகக்காரர்கள், படிக்கப் பணமில்லாத பிள்ளைகள், பெண்ணுக்குக் கல்யாணம் என்று வந்து நின்றவர்கள் என்று யாருக்கும் இல்லை என்ற சொல் அந்த வீட்டில் கிடையாது. உண்மையான ஏழை யார், ஏழை வேஷம் போட்டவன் யார் என்று அவர் பார்க்கவில்லை. தாமே வேஷம் போட்டுப் பிழைத்தவருக்குப் பிறர் போட்ட வேஷம் தெரியாமல் போனது விந்தைதான்!

கொடுப்பது குற்றமல்ல. ஜகாத்தையும் சதக்காவையும் கடமையாகக் கொண்ட நாம் அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் அவர் கொடுத்தவற்றில் மூன்று வகை இருந்தது. தானமாகக் கொடுத்தது ஒன்று. கடனாகக் கொடுத்தது ஒன்று. தொழிலுக்கு முதலாகப் போட்டது ஒன்று. மூன்றும் ஒரே பெட்டியிலிருந்து, ஒரே கையால், ஒரு வரி எழுதாமல் போயின. தோட்டத்தை ஒட்டிக் கடை வைத்தவர்களுக்கு 555 நோட்டைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அரிசியும் பருப்பும் சம்பளம் வரும்வரை கடனுக்குக் கொடுத்து, ஆளுக்கொரு 555 நோட்டில் பற்று எழுதி வைத்துத்தான் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தார்கள். வேலை நின்று சம்பளம் வராத மாதத்தில் அதே நோட்டைப் புரட்டிப் பார்த்து, இந்தக் குடும்பத்தைக் கேட்கவேண்டாம் என்று கோடு கிழித்தவர்களும் அவர்களே. எழுதி வைத்திருந்ததால்தான் கிழிக்கவும் முடிந்தது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்-பகரா அத்தியாயத்தில் 282-ஆவது, கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சி வைத்து எழுதிக்கொள்வதைப் பற்றியது. அதற்கு இரண்டு வசனம் முன்னால் உள்ளது, கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் அவனுக்கு வசதி வரும்வரை தவணை கொடுப்பதைப் பற்றியது. நாகையா இந்த இரண்டில் ஒன்றை மாத்திரம், அதுவும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே, வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தவர். மற்றதை அவருக்கு எடுத்துச் சொல்ல அருகில் ஒரு நல்ல கணக்கப்பிள்ளை இல்லை.

சினிமாத் தயாரிப்பும் அவரை அரித்தது. படம் எடுப்பது பயிர் வைப்பது போன்றதல்ல, வட்டிக்கு வாங்கி நெருப்பு வளர்ப்பது போன்றது. ஸ்டூடியோ வாடகை நாள் கணக்கு, நடிகர் சம்பளம் மாதக் கணக்கு, கடனுக்கு வட்டியோ எந்த நாளும் தூங்குவதில்லை. சீக்கிரம் முடித்து விநியோகஸ்தர் கையில் கொடுத்தால் பிழைக்கலாம்; தாமதித்தால் லாபத்தை வட்டி தின்றுவிடும். ‘தியாகய்யா’ அவரே தயாரித்து, டைரக்ட் செய்து, நடித்துப் பாடிய படம். பெரும் புகழைக் கொடுத்தது. 1953-ல் தமிழில் ‘என் வீடு’ என்றும் தெலுங்கில் ‘நா இல்லு’ என்றும் ஒரே கதையை எடுத்தார். கடைசியாக அவர் கைவைத்தது ‘ராமதாசு’, 1964-ல் வெளிவந்தது. அவர் பெரும் நஷ்டம் அடைந்தது இந்தப் படத்தில்தான்.

அந்தக் கதையை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. அதில் ஒரு முஸ்லிம் அரசர் வருகிறார். கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹி வம்சத்தின் கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானா ஷா. அவருடைய முதன்மந்திரி மாதண்ணா ஒரு பிராமணர். மாதண்ணாவின் உறவினரான கோபண்ணா என்பவர் தாசில்தாராக இருந்து, வசூலித்த அரசாங்க வரிப் பணத்தை எடுத்துப் பத்ராசலத்தில் ராமர் கோயில் கட்டிவிட்டார். கணக்குக் கேட்டபோது காட்ட முடியவில்லை. கோல்கொண்டாக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். பிற்பாடு பணம் அதிசயமான வழியில் வந்து சேர்ந்தது என்றும் சுல்தான் மனம் வருந்தி விடுவித்தார் என்றும் பக்தர்கள் சொல்லுவார்கள். அதிசயம் இருக்கட்டும்; வரிப் பணத்துக்குக் கணக்குக் கேட்டது ஓர் அரசனின் கடமை என்பதை எந்தக் கடைக்காரரும் ஒப்புக்கொள்வார். பத்ராசலத்து உற்சவத்துக்கு அரசாங்கத்திலிருந்து முத்து அனுப்பும் வழக்கம் அந்த சுல்தானின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. தமிழ்நாட்டில் இதே கதையை நாடகமாகப் போட்டு, நவாபு வேஷத்தில் நடித்ததாலேயே ராஜமாணிக்கம் என்ற நடிகர் நவாப் ராஜமாணிக்கம் ஆனார்.

கோபண்ணா பிறர் பணத்தைக் கணக்கில்லாமல் நல்ல காரியத்துக்குச் செலவிட்டார். நாகையா தம் பணத்தை. முன்னவருக்குச் சிறை கிடைத்தது, பின்னவருக்குக் கடன். கையில் பசை குறைந்துகொண்டே வந்த நாளில் வேறு எந்தக் கதையையும் எடுக்காமல் இந்தக் கதையையே அவர் ஏன் எடுத்தார் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. வியாபாரியின் கண்ணுக்கு அது தவறான கொள்முதல். காலம் மாறி, ஜனங்கள் வேறு விதமான படங்களுக்குப் போய்விட்டார்கள். அறுபது வயதில், தாம் நம்பியதைத் தவிர வேறெதையும் விற்கத் தெரியாமல் ஒருவர் நின்றிருக்கிறார்.

‘ராமதாசு’வுக்கு முன்பே வேஷங்கள் சிறுத்துவிட்டன. தகப்பனார், குரு, வைத்தியர், ஊர்ப் பெரியவர் என்று இரண்டு மூன்று காட்சிகளுக்கு வந்து போவார். ஒரு காலத்தில் தம் பெயரைப் போட்டே படத்தை விற்றவர், பெயர்ப் பட்டியலின் நடுவில் எங்கோ இருந்தார். ஆனால் பழைய படங்களைப் போட்டுப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அந்தச் சின்னக் காட்சிகளிலும் அவர் அலட்சியமாகப் பேசிய வசனம் என்று ஒன்று இராது. முழு மூட்டை விற்றாலும் கால் படி விற்றாலும் ஒரே தராசில் நிறுப்பவர் அவர்.

அப்படிப்பட்ட வேஷங்களில் ஒன்றுதான் ‘பாவ மன்னிப்பு’ இஸ்மாயில். ஏ. பீம்சிங் டைரக்ட் செய்த படம். எம். ஆர். ராதா நடித்த வைர வியாபாரி ஆளவந்தார் பேராசையால் செய்யும் பாவங்களில் ஒரு குழந்தை அநாதையாகிறது. அதை இஸ்மாயில் என்ற முஸ்லிம் எடுத்து ரஹீம் என்று பெயரிட்டுத் தம் பிள்ளையாகவே வளர்க்கிறார். எஸ். வி. சுப்பையா நடித்த ஜேம்ஸ் என்ற கிறிஸ்தவர் வேறொரு குழந்தையை வளர்க்கிறார். அந்நாள்வரை தமிழ்ப் படங்களில் முஸ்லிம் என்றால் அத்தர் விற்பவனாகவோ, கொச்சைத் தமிழ் பேசிச் சிரிப்பு மூட்டுபவனாகவோ, கத்தி தூக்கிய பாக்தாத் திருடனாகவோதான் பெரும்பாலும் வருவான். இஸ்மாயில் அப்படி வரவில்லை. நம் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கும் யாரோ ஒரு பெரியவரைப் போல வந்தார். மதத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதைவிட, பிள்ளையைத் தூக்கி வளர்ப்பதே அவர் வேலையாக இருந்தது. தெலுங்கு அடியார்களாக நடித்துப் பழகிய அந்த நிதானமான குரல், வேஷத்தை மாற்றிக்கொண்டபோது இங்கும் பொருந்திற்று. படம் தமிழ்நாட்டில் பெரும் வெற்றி பெற்றது. அகில இந்திய அளவில் நற்சான்றும் கிடைத்தது.

பெருநாள் பாட்டுக்கு மட்டும் அவர் குரல் வேண்டியிருக்கவில்லை. நாகூர் ஹனீபா அவர்களின் குரல் இடிமுழக்கம். நாகையாவின் குரல் தூறல். இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பழைய பாடகர் ஒருவர் வேறொருவர் பாடியதற்கு வாயசைக்கும்போது முகத்தில் ஒரு வெட்கமோ வருத்தமோ தெரியத்தான் செய்யும். அப்படியொன்றையும் அவர் முகத்தில் நான் காணவில்லை. பாடுவது தாமே என்பதுபோல் உளமார வாயசைத்தார். ஹனீபா அவர்களின் குரலுக்கு அந்தப் படத்தில் கிடைத்த முகம், இஸ்மாயிலின் முகம். அதுபற்றி நம் சமூகத்துக்கு ஒரு குறையும் இல்லை.

1965-ல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. விருது கடனை அடைக்காது. வயது அறுபதைத் தாண்டிய பிறகும், சின்ன வேஷங்களுக்காக ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கினார். அவர் வீட்டுப் பந்தியில் சாப்பிட்டுப் பெரியவர்களானவர்களில் சிலர் உதவினார்கள், பலர் உதவவில்லை. யாரிடம் எவ்வளவு வரவேண்டும் என்று அவருக்கே தெரியாதபோது, யாரைப் போய்க் கேட்பது? 1973-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி காலமானார். வயது 69. சாகும்போது கையில் பொருள் இல்லை.

சென்னைத் தியாகராய நகரில் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் பட்டுக் கடைகளும் நகைக் கடைகளும். புடவைக் கொள்முதலுக்குச் சென்னை போகும் நம்மவர்கள் அந்தப் பூங்காவைச் சுற்றாமல் திரும்புவது அபூர்வம்.